தவணைக்குள் ஒளிந்திருக்கும் ஊர்

எந்தச் செலவைச் சொன்னாலும் அப்பா "மாசத்துக்கு எவ்வளவு?" என்றுதான் கேட்பார். கும்பகோணத்து வீட்டில் பால், பேப்பர், சீட்டு, கேபிள் எல்லாம் ஒரே நீள நோட்டில் மாதவாரியாக ஏறியிருக்கும். 2016-ல் நியூ ஜெர்சியில் டவுன்ஹவுஸ் வாங்கிவிட்டோம் என்று போனில் சொன்னபோதும் அதே கேள்வி. விலையைக் கேட்கவில்லை. "மாசம் எவ்வளவும்மா கட்டணும்?" கடன் வாங்கித் தந்த முகவர் எங்களிடம் சொன்ன எண்ணை நான் அப்படியே அவரிடம் சொன்னேன்: 1,528 டாலர். எழுதிக்கொண்டார்.

முதல் மாதம் முடிந்து எல்லாவற்றையும் கூட்டியபோது வந்தது 2,628 டாலர்.

அதைச் சொன்னதும் அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அப்ப அந்த ஆயிரத்து நூறு எங்கம்மா போகுது?"

அந்த 1,100-ல் 800 வீட்டு வரி, 240 குடியிருப்போர் சங்கக் கட்டணம், 60 காப்பீடு. அப்பாவுக்கு வரியைத்தான் நம்ப முடியவில்லை. அவர் நகராட்சிக்கு அரையாண்டுக்கு ஒருமுறை கட்டும் வீட்டு வரி, எங்கள் வரியில் ஒரு நாள் கணக்குக்குக்கூட வராது. "வீடு உன்னுதா, அவங்களுதா?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே கவலைப்பட்டுக் கேட்டார்.

இந்த வருடம் என் தம்பி நியூ ஜெர்சியை விட்டு ஹூஸ்டனுக்குக் குடிபோகிறான். வேலை அங்கே மாறிவிட்டது. "அக்கா, இங்க நீ கொடுக்கிற காசுக்கு அங்க ரெண்டு மடங்கு வீடு கிடைக்கும். ஸ்டேட் இன்கம் டாக்ஸும் கிடையாது" என்று உற்சாகமாக நான்கு வீட்டுச் சுட்டிகளை அனுப்பினான். நான்கிலும் பெரிய எழுத்தில் விலை, கீழே சின்னதாக "மாதம் சுமார் இவ்வளவு" என்று ஒரு எண். அந்தச் சின்ன எண்ணை உட்கார்ந்து பிரித்துப் பார்க்கப் போய்த்தான் இந்தப் பதிவு. வீடு தேடிக்கொண்டிருக்கும் யாராவது ஒருவருக்காவது அப்பாவின் கேள்வி கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் தோன்றட்டும்.

முதலில் எல்லா ஊருக்கும் பொதுவான பகுதி. 4 லட்சம் டாலர் கடன், 30 வருடம், 6.5 சதவீத நிலையான வட்டி என்றால் அசலும் வட்டியும் சேர்ந்து மாதம் 2,528 டாலர். அலபாமாவிலும் அதே, பாஸ்டனிலும் அதே. அந்தத் தொகைக்கு ஊர் தெரியாது. ஆனால் நாள் தெரியும். 30 வருட மார்ட்கேஜின் சராசரி வட்டி 2021 ஜனவரியில் 2.65 சதவீதம் வரை இறங்கியது. 2023 அக்டோபரில் 7.79 வரை ஏறியது. அதே 4 லட்சத்துக்கு முதல் வட்டியில் மாதம் 1,612 டாலர், இரண்டாவதில் 2,877 டாலர். மூன்றே வருட இடைவெளிதான். மாதம் 1,265 டாலர் வித்தியாசம் 30 வருடத்துக்குக் கூடவே வரும்.

எங்கள் வீட்டுச் சுவரே இதற்குச் சாட்சி. நாங்கள் 2021-ல் மீதமிருந்த கடனை 3 லட்சமாக்கி 2.875 சதவீதத்துக்கு மாற்றி எழுதினோம். தவணை 1,245 ஆனது. பக்கத்து வீட்டை 2023-ல் ஒரு தெலுங்குக் குடும்பம் வாங்கியது. ஒரே அமைப்பு, ஒரே அளவு, நடுவில் ஒரு பொதுச் சுவர். அவர்கள் வாங்கிய விலை 5,50,000, கடன் 4,40,000, வட்டி 7.25. வரியும் சங்கமும் காப்பீடும் இரண்டு வீட்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் எல்லாம் கூட்டினால் சுவருக்கு இந்தப் பக்கம் 2,580, அந்தப் பக்கம் 4,337. அந்த வீட்டு அம்மா ஒருநாள் குப்பைத்தொட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தபோது "நீங்க எவ்வளவு கட்டறீங்க?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. நாங்கள் கெட்டிக்காரத்தனமாக எதையும் செய்துவிடவில்லை. ஏழு வருடம் முந்திப் பிறந்தோம், முந்தி வேலைக்கு வந்தோம், அவ்வளவுதான்.

இந்தச் சுவரை மனதில் வைத்துக்கொண்டுதான் ஊர்வாரிப் புள்ளிவிவரங்களைப் படிக்க வேண்டும். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை ஒவ்வொரு வருடமும் நடத்தும் சமூக ஆய்வில், கடன் உள்ள வீட்டுக்காரர்களின் மாதச் செலவு என்று தனி அட்டவணையே உண்டு. தவணை, வீட்டு வரி, காப்பீடு, மின்சாரம், எரிவாயு, தண்ணீர், காண்டோ கட்டணம் எல்லாம் அதில் சேரும். 2024-க்கு நாடு முழுவதற்குமான இடைநிலைத் தொகை 2,035 டாலர். மாநிலவாரியாகப் பார்த்தால் மேற்கு வர்ஜீனியா அடிமட்டத்தில் இருக்கும். கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி, மாசசூசெட்ஸ், ஹவாய் எல்லாம் உச்சத்தில் இருக்கும். கவுன்ட்டிவாரியாகவும், ஏறக்குறைய 4,000 பேர் வாழும் சின்னச் சின்ன வட்டாரவாரியாகவும்கூட இறங்கிப் பார்க்கலாம்.

எனக்கு அந்த அட்டவணை மிகவும் பிடிக்கும். இரவு பிள்ளைகள் தூங்கியதும் ஊர் ஊராகத் தேடியிருக்கிறேன். ஆனால் வீடு வாங்கப் போகிறவர் அதை அப்படியே நம்பினால் ஏமாந்துபோவார். எங்கள் தெருவில் இடைநிலை எடுத்தால் என் 2,580-ம் அதில் இருக்கும், பக்கத்து வீட்டு 4,337-ம் இருக்கும், 2003-ல் வாங்கி இன்னும் நான்கு வருடத்தில் கடன் முடியப்போகும் எதிர்வீட்டுத் தாத்தாவின் தொகையும் இருக்கும். அங்கே ஏற்கெனவே குடியிருப்பவர்கள் என்ன கட்டுகிறார்கள் என்பது அந்த எண்ணில் தெரியும். நாளை போய் வாங்குகிறவர் என்ன கட்டுவார் என்பது தெரியாது. கடந்த சில வருடங்களில் இந்த இரண்டுக்கும் நடுவே பெரிய பள்ளம் விழுந்துவிட்டது.

ஊர் தன் வேலையைக் காட்டும் இடம் வரி.

நியூ ஜெர்சியில் 2024-ல் ஒரு வீட்டுக்கான சராசரி வரி முதல்முறையாக 10,000 டாலரைத் தாண்டியது. துல்லியமாகச் சொன்னால் 10,095. இந்த வரி எப்படி உருவாகிறது என்று புரிந்துகொள்ள எனக்கே பல வருடம் ஆனது. உங்கள் வீட்டு விலையில் இத்தனை சதவீதம் என்று யாரும் முதலில் முடிவு செய்வதில்லை. முதலில் பள்ளிக்கு இவ்வளவு, ஊராட்சிக்கு இவ்வளவு, கவுன்ட்டிக்கு இவ்வளவு என்று மூன்று பட்ஜெட் போடுகிறார்கள். பாதியளவு பள்ளிக்கே போய்விடும். அந்த மொத்தத்தை ஊரிலுள்ள எல்லாச் சொத்துகளின் மதிப்பாலும் வகுக்கிறார்கள். ஊரில் கிடங்குகளும் அலுவலகங்களும் மால்களும் நிறைய இருந்தால் அவை பெரும் பங்கைச் சுமந்துவிடும். வெறும் வீடுகளாக இருக்கும் அழகான, அமைதியான ஊரில் முழுச் சுமையும் வீடுகளின் தலையில் விழும். டர்ன்பைக் நெடுஞ்சாலையில் 8ஏ வெளிவாயிலைச் சுற்றி வரிசையாக நிற்கும் சரக்குக் கிடங்குகளைப் பார்த்து முகம் சுளித்த நாட்கள் எனக்கு உண்டு. அந்த லாரிகள் அந்த ஊர்க்காரர்களின் வீட்டு வரியில் ஒரு பகுதியைச் சுமந்துகொண்டு போகின்றன என்பது பிறகுதான் புரிந்தது.

இப்படிப்பட்ட ஊராட்சிகள் அந்தச் சின்ன மாநிலத்துக்குள் 564 இருக்கின்றன. ஒரு ஊர் முடிந்து அடுத்த ஊர் தொடங்குவது காரில் போனால் தெரியவே தெரியாது. நம் ஆட்கள் விரும்பித் தேடும் வெஸ்ட் வின்ட்சரும் பிளெய்ன்ஸ்பரோவும் ஒரே பள்ளி மாவட்டத்தில் இருக்கின்றன. ஆனால் ஒன்று மெர்சர் கவுன்ட்டி, மற்றது மிடில்செக்ஸ். பிள்ளைகள் ஒரே மாவட்டப் பள்ளிகளில்தான் படிப்பார்கள், வரி ரசீது மட்டும் வேறு வேறு.

புதிதாக வருகிறவர்கள் தவறாமல் குழம்பும் ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். எடிசன் மாதிரி பல்லாண்டுகளாக மறுமதிப்பீடு செய்யாத ஊர்களில் வரி வீதம் 5 சதவீதத்துக்கு மேல் என்று போட்டிருக்கும். பக்கத்து ஊரில் 2 என்று இருக்கும். உடனே பயந்து ஓட வேண்டாம். பழைய மதிப்பீட்டில் அந்த வீட்டின் கணக்கு மதிப்பு, சந்தை விலையில் ஒரு பங்குதான் இருக்கும். சின்ன மதிப்பைப் பெரிய வீதத்தால் பெருக்குகிறார்கள். வீதத்தை விட்டுவிட்டுப் போன வருடம் அந்த வீட்டுக்குக் கட்டிய மொத்தத் தொகையைக் கேளுங்கள். அது பொது ஆவணம், இணையத்தில் விலாசத்தைப் போட்டாலே கிடைக்கும். ஆனால் மறுமதிப்பீடு எப்போது வரும் என்றும் விசாரியுங்கள். அது வரும் வருடத்தில் ஒரே ஊருக்குள் சிலருக்கு ஏறும், சிலருக்கு இறங்கும்.

கலிஃபோர்னியாவில் கதை தலைகீழ். 1978-ல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 13-ஆம் முன்மொழிவின்படி, அடிப்படை வரி வாங்கிய விலையில் 1 சதவீதம். அதன்பிறகு அந்த மதிப்பு வருடத்துக்கு அதிகபட்சம் 2 சதவீதம்தான் ஏறலாம். ஃப்ரீமான்ட்டில் 1980-ல் ஒரு லட்சத்துக்கு வாங்கிய வீட்டின் வரி மதிப்பு, வருடம் 2 சதவீதம் தவறாமல் ஏறியிருந்தாலும் 2025-ல் ஏறக்குறைய 2,44,000-தான். அடிப்படை வரி 2,440 டாலர். அதே தெருவில் போன மாதம் 16 லட்சத்துக்கு வாங்கியவருக்கு அதே அடிப்படை வரி 16,000 டாலர். ஒரே தெருவிளக்கு, ஒரே தீயணைப்பு வண்டி, ஒரே பள்ளி. எங்கள் ஊரில் பக்கத்து வீட்டையும் எங்களையும் பிரித்தது வங்கி மட்டும்தான், ஊர் இருவரையும் ஒன்றாகவே நடத்துகிறது. அங்கே வங்கியும் பிரிக்கிறது, வரியும் பிரிக்கிறது. முதியவர்களை வரிக்காக வீட்டைவிட்டு விரட்டக் கூடாது என்ற நல்ல எண்ணம் அந்தச் சட்டத்தில் இருந்தது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் இளம் குடும்பங்கள்மேல் அது வைத்திருக்கும் பாரம் நியாயமானது என்று என்னால் சொல்ல முடியாது. புதிதாக எழுந்த குடியிருப்புகளில் இதற்கு மேல் மெல்லோ ரூஸ் என்ற 1982-ஆம் வருடச் சட்டத்தின்படி தனி வரி ஒன்றும் வரும். சாலையும் பள்ளியும் பூங்காவும் அமைக்க வாங்கிய கடனை அந்தக் குடியிருப்புக்காரர்களே அடைக்கிறார்கள்.

அந்த மெல்லோ ரூஸின் அண்ணன் டெக்சஸில் இருக்கிறது. தம்பியின் நான்கு சுட்டிகளில் இரண்டு ஹூஸ்டனை ஒட்டிய கேட்டி பக்கம். கேட்டி என்று விலாசத்தில் இருந்தாலும் அந்த வட்டாரம் ஹாரிஸ், ஃபோர்ட் பென்ட், வாலர் என்று மூன்று கவுன்ட்டிகளில் பரந்து கிடக்கிறது. ஹாரிஸ் கவுன்ட்டி வரி ரசீதைப் பார்த்தால் கோயில் திருவிழா நோட்டீஸ் மாதிரி பெயர்கள் நீளும்: பள்ளி, கவுன்ட்டி, வெள்ளத் தடுப்பு, மருத்துவமனை, துறைமுகம். கடைசியில் பயன்பாட்டு மாவட்டம் ஒன்று. அங்கே எல்லாரும் "மட்" என்பார்கள்.

நகர எல்லைக்கு வெளியே வயலும் புல்வெளியுமாக இருந்த நிலத்தில் கட்டுமானக்காரர் குடியிருப்பு அமைக்கும்போது குடிநீர்க் குழாய், கழிவுநீர், மழைநீர் வடிகால் எல்லாவற்றையும் அவர்தான் முதலில் போடுகிறார். பிறகு அந்த மாவட்டம் கடன் பத்திரம் வெளியிட்டு அவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. அந்தக் கடனை வீடு வாங்கியவர்கள் வரியாக அடைக்கிறார்கள். அதனால் குடியிருப்பு புதிது என்றால் மட் வரி உச்சத்தில் இருக்கும். வீடுகள் பெருகி, கடன் கரையக் கரைய அது இறங்கும். பளபளவென்று நீச்சல்குளத்தோடு நிற்கும் புது வீட்டில் வரி அதிகம். பத்து நிமிடம் தள்ளி, மரங்கள் வளர்ந்து நிழல் விழுந்த பழைய குடியிருப்பில் வரி குறைவு. டெக்சஸில் வருமான வரி இல்லை என்று குதிப்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்: அந்த மாநிலமும் பள்ளி நடத்த வேண்டும், குழாய் போட வேண்டும். பணத்தைச் சம்பளத்தில் பிடிக்காமல் வீட்டில் பிடிக்கிறது. வேலை போனால் வருமான வரி தானாக நின்றுவிடும், வீட்டு வரி நிற்காது.

புது வீடு வாங்கும் குடும்பங்களை டெக்சஸில் இரண்டாவது வருடம் தூக்கியடிக்கும் ஒரு விஷயம் இருக்கிறது. என் கல்லூரித் தோழி ஒருத்தி அழுதுகொண்டே போன் செய்த நாள் எனக்கு மறக்காது. அங்கே சொத்தின் மதிப்பை ஜனவரி 1-ஆம் தேதி நிலவரப்படி எடுக்கிறார்கள். அவள் வீடு ஜனவரியில் வெறும் மனை. மார்ச்சில்தான் சுவர் எழுந்தது, ஜூலையில் குடிபோனாள். அந்த வருட வரி மனைக்கு மட்டும் 2,100 டாலர். வங்கி அதை வைத்தே வரிக்காக மாதம் 175 டாலரை எஸ்க்ரோ என்ற தனிக் கணக்கில் பிடித்தது. மறு வருடம் முழு வீட்டுக்கும் வரி வந்தது, சலுகை எல்லாம் கழித்து 8,400. வங்கியிடம் இருந்தது 2,100. மீதி 6,300-ஐ வங்கி கட்டிவிட்டு ஒரு கடிதம் அனுப்பியது. இனி ஒழுங்கான வரிக்கு மாதம் 700, பழைய பாக்கிக்கு ஒரு வருடத்துக்கு மாதம் 525. ஆக 175 கட்டிய இடத்தில் 1,225. ஒரே கடிதத்தில் மாதம் 1,050 டாலர் ஏறிவிட்டது. நிலையான வட்டிக் கடன் என்றால் தவணையும் நிலையானது என்று அவள் நம்பியிருந்தாள். யாரும் அவளிடம் பொய் சொல்லவில்லை. யாரும் எதுவும் சொல்லவும் இல்லை. விற்றவருக்கும் கடன் கொடுத்தவருக்கும் இது நடக்கும் என்று தெரியாமல் இருக்க முடியாது. அதனால்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது.

எனவே டெக்சஸில் புது வீடு என்றால், முழு மதிப்பில் வரி எவ்வளவு வரும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். முதல் மாதத்திலிருந்தே வித்தியாசத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். குடியேறியதும், சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கான ஹோம்ஸ்டெட் சலுகைக்கு விண்ணப்பியுங்கள். அது கேட்டால்தான் கிடைக்கும். பள்ளி வரிக்கான சலுகை 2023-ல் ஒரு லட்சமாகவும், 2025-ல் 1,40,000 டாலராகவும் உயர்ந்திருக்கிறது. வரி மதிப்பு வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறாமல் அதுவே காக்கவும் செய்யும்.

காப்பீட்டைப் பத்து வருடத்துக்கு முன் யாரும் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. என் முதல் கணக்கில் அது 60 டாலர்தானே. இன்று பல ஊர்களில் அதுதான் மாதக் கணக்கையே புரட்டிப்போடுகிறது. டெக்சஸிலும் ஒக்லஹோமாவிலும் ஆலங்கட்டி மழை, லூசியானாவிலும் ஃப்ளோரிடாவிலும் புயல், கலிஃபோர்னியாவில் காட்டுத்தீ. 2023 மே மாதம் ஸ்டேட் ஃபார்ம் கலிஃபோர்னியாவில் புதிய வீட்டுக் காப்பீடு எழுதுவதையே நிறுத்தியது. எந்த நிறுவனமும் ஏற்காதவர்களுக்குக் கடைசிப் புகலிடமாக இருக்கும் மாநிலத் திட்டத்தை நோக்கிக் கூட்டம் போனது. டெக்சஸ் பாலிசிகளில் இன்னொரு வரியையும் தேடிப் படியுங்கள். காற்றும் ஆலங்கட்டியும் ஏற்படுத்தும் சேதத்துக்கு நாம் முதலில் கட்ட வேண்டிய பங்கு பெரும்பாலும் சதவீதத்தில் இருக்கும். 4 லட்சத்துக்குக் காப்பீடு செய்த வீட்டில் 2 சதவீதம் என்றால், கூரை போனால் முதல் 8,000 டாலர் நம் பணம்.

நம் ஆட்கள் வால்மார்ட் வேலைக்காக நிறையப் போய்ச் சேர்ந்திருக்கும் பென்டன்வில்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்கன்சாவில் வீட்டு வரி சந்தை மதிப்பில் 0.6 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும், நியூ ஜெர்சியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் 2024 மே மாத இறுதியில் பென்டன்வில் இருக்கும் கவுன்ட்டியைச் சூறாவளி தாக்கியது. வரியில் மிச்சமானதில் ஒரு பகுதியைக் காப்பீடு எடுத்துக்கொள்ளும்.

வெள்ளம் தனிக்கதை. சாதாரண வீட்டுக் காப்பீட்டில் வெள்ளம் சேராது. சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. இங்கே மத்திய அரசின் வெள்ள வரைபடத்தில் அபாயப் பகுதி என்று குறித்த இடத்தில் வீடு இருந்தால், அரசு ஆதரவுள்ள கடனுக்கு வெள்ளக் காப்பீடு கட்டாயம். குறிக்காத இடத்தில் கட்டாயமில்லை. ஆனால் 2017-ல் ஹார்வி புயலின்போது ஹூஸ்டனில் வரைபடத்தில் இல்லாத வீடுகள் ஏராளமாக மூழ்கின. மேற்கு ஹூஸ்டனில் ஆடிக்ஸ், பார்க்கர் என்று இரண்டு நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன. 1940-களில் ராணுவப் பொறியாளர்கள் கட்டியவை. வழக்கமாக வறண்டே கிடக்கும். பெருமழையில் நிரம்பித் தண்ணீர் பின்னோக்கி ஏறும் பரப்புக்குள்ளேயே பிற்காலத்தில் குடியிருப்புகள் வந்துவிட்டன. அங்கே வீடு வாங்கிய பலருக்கு ஏரிக்குள் குடியிருக்கிறோம் என்று தண்ணீர் வரும்வரை தெரியாது. தம்பி அனுப்பிய விலாசங்களில் நான் முதலில் பார்த்தது இதைத்தான்.

சங்கக் கட்டணத்தைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, ஒன்றைத் தவிர. குறைந்த சங்கக் கட்டணம் எப்போதும் நல்ல செய்தி அல்ல. 2021 ஜூன் 24 அதிகாலை ஃப்ளோரிடாவின் சர்ஃப்சைடில் ஒரு கடற்கரை அடுக்குமாடி இடிந்து 98 பேர் இறந்தார்கள். பழுது பார்க்கும் செலவை எப்படித் திரட்டுவது என்ற வாக்குவாதம் அங்கே வருடக்கணக்கில் நடந்திருந்தது. மறு வருடமே மாநிலம் சட்டம் போட்டது: பழைய அடுக்குமாடிகளைப் பொறியாளர் சோதிக்க வேண்டும், பழுதுபார்க்கும் நிதியைச் சேர்த்தே ஆக வேண்டும். பல கட்டடங்களில் மாதக் கட்டணம் எகிறியது. காண்டோ பார்ப்பவர்கள் கட்டணத்தோடு சேர்த்து, நிதியில் எவ்வளவு கையிருப்பு என்றும் கேளுங்கள்.

மின்சாரம், குளிர்காலச் சூடு, தண்ணீர் பற்றி அந்தந்த ஊர் நண்பரிடம் ஆகஸ்ட் பில்லையும் ஜனவரி பில்லையும் வாங்கிப் பார்த்தால் போதும்.

முழு மாதக் கணக்கை நான் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், நம்மில் பலர் எச்1பி விசாவில் கடன் வாங்குகிறோம். வேலை போனால் 60 நாள் அவகாசம். அதற்குள் வேறு வேலை, இல்லையென்றால் வேறு விசா, இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டும். அந்த 60 நாளில் இரண்டு தவணை வரும். கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும் என்ற கணக்கை முகவர் சொன்ன 1,528-ஆல் வகுத்தால் ஒரு விடை, 2,628-ஆல் வகுத்தால் வேறு விடை. 26,000 டாலர் சேமிப்பு முதல் கணக்கில் பதினேழு மாதம் வரும், இரண்டாவதில் பத்து மாதத்தை எட்டாது. ஒரு குடும்பம் எதை நம்பித் தூங்குகிறது என்பது இந்த வகுத்தலில் இருக்கிறது.

தம்பிக்குக் கடைசியில் இரண்டு வீடுகள் மிஞ்சின. முதலாவது 4,30,000 டாலர், புத்தம் புதியது, மொத்த வரி வீதம் 2.8. இரண்டாவது 4,65,000, பதினெட்டு வருடப் பழையது, மட் கடன் பெரும்பாலும் கரைந்துபோன இடம், வீதம் 2.0. அவன் முதல் வீட்டில் உறுதியாக இருந்தான். "முப்பத்தஞ்சாயிரம் கம்மிக்கா, அதுவும் புதுசு!"

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் போனில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். இரண்டுக்கும் 20 சதவீத முன்பணம், அவனுக்குக் கிடைத்த வட்டி 6.5. முதல் வீட்டுத் தவணை 2,174, இரண்டாவது 2,351. வரி, சலுகை போக முதல் வீட்டுக்கு மாதம் 875, இரண்டாவதற்கு 647. காப்பீடு புதுக் கூரைக்கு 260, பழைய கூரைக்கு 330. சங்கம் 110, அங்கே 70. கூட்டினால் முதலாவது 3,419, இரண்டாவது 3,398.

தம்பி சற்று நேரம் பேசவில்லை. "அப்ப விலை கூடின வீடு மாசத்துக்குக் கம்மியா?"

"இருபத்தோரு டாலர்தான்டா கம்மி. ஆனா அங்க அந்தக் காசுல கூடுதலா கடன் அடையுது, இங்க குழாய்க் கடன் அடையுது. முன்பணம் ஏழாயிரம் கூடுதலா வேணும். கூரையும் ஏசியும் எந்த வருஷத்துதுன்னு பார்க்கணும், அதுக்குத் தனியா எடுத்து வைக்கணும். முடிவு நீதான் எடுக்கணும்."

அவன் அடுத்த வாரம் விமானம் பிடித்துப் போய் இரண்டு தெருக்களிலும் நடந்து பார்த்தான். பழைய வீட்டில் கூரையை மூன்று வருடத்துக்கு முன்புதான் மாற்றியிருக்கிறார்கள். ஹார்வியில் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னதோடு, பின்வாசல் படியில் அன்று தண்ணீர் நின்ற உயரத்தையும் காட்டியிருக்கிறார். கட்டாயமில்லாத வெள்ளக் காப்பீட்டையும் எடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. மாதம் 60 கூடுதல்.

கையெழுத்துப் போட்ட அன்று மூன்று பேரும் ஒரே அழைப்பில் இருந்தோம். அப்பா வாழ்த்தெல்லாம் சொல்லிவிட்டு, நான் எதிர்பார்த்த கேள்விக்கு வந்தார்.

"மாசம் எவ்வளவுப்பா ஆகும்?"

"மூவாயிரத்து நானூத்தி அம்பத்தெட்டுப்பா. வரி, இன்சூரன்ஸ், சங்கம், வெள்ளம் எல்லாம் சேர்த்து. கரன்ட்டும் தண்ணியும் தனி."

நோட்டுப் பக்கம் புரளும் சத்தம் கேட்டது. "இரு, ஒவ்வொண்ணா சொல்லு" என்றார் அப்பா. "தனித்தனியா எழுதிக்கறேன்."